நல்லி வாங்கப் போகிறோம்

பெங்களூரில் பத்து வருஷம் குப்பை கொட்டிய தமிழனுக்குக் குழாய் என்ற சொல் மறந்து 'நல்லி' வாயில் வந்துவிடுகிறது. உபயம், கன்னடம். சென்னையிலிருந்து போனில் பேசும் அத்தையிடம் "நாளைக்கு எல்லாருமா நல்லி வாங்கப் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். யாருக்குக் கல்யாணம், கூறைப்புடவை என்ன கலர் என்று அடுத்த கேள்வி வரும்!

விஷயம் என்னவோ குளியலறை பற்றியதுதான். ஆனால் செலவைப் பார்த்தால் பட்டுப்புடவைக்கு ஒன்றும் குறைவில்லை. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து, பி.எஃப். கடனும் சொசைட்டி கடனும் வாங்கி, 30-க்கு 40 மனையில் 1980-களில் வீடு கட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த வீடுகளின் குளியலறைக்கு இப்போது நாற்பது வயது. சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. பைப் துருவேறி, விரல் நுழையும் ஓட்டை பென்சில் நுழையும் ஓட்டையாகிவிட்டது. "அப்பா, இடிச்சுட்டுப் புதுசா பண்ணிடலாம்" என்கிறார்கள் பிள்ளைகள். சரிதான். ஆனால் கடைக்குக் கிளம்புமுன் இரண்டு கணக்குப் போட வேண்டும். ஒன்று, இந்த ஊர்த் தண்ணீர். இரண்டாவது, வீட்டில் உள்ளவர்களின் வயது. இந்த இரண்டையும் எந்த ஷோரூமிலும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட மாட்டார்கள்.

முதலில் கடை. லால்பாக் ரோட்டிலும் மிஷன் ரோட்டிலும் குளியலறைச் சாமான்களுக்கென்றே வரிசையாகக் கடைகள் உண்டு. எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போனால் ஹார்டுவேர். அலங்காரம் இராது, ஆனால் வாஷரிலிருந்து வால்வு வரை உதிரியாகக் கிடைக்கும். பெரிய ஷோரூமில் கால் வைத்ததும் ஏ.சி. குளிர், விளக்கு வெளிச்சம், நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர். கடைப்பையன் ஒரு பொத்தானை அழுத்துவான். ஐப்பசி மழை போலக் கொட்டும். குடும்பமே மயங்கி நிற்கும் கட்டம் அது. அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்குப் பின்னால மோட்டார் ஓடுதா?" பெரும்பாலும் ஓடும்.

நம் வீட்டில் மோட்டார் ஏது? மொட்டைமாடித் தொட்டிதான். மாடிக் குளியலறையில் ஷவர் தலை தரையிலிருந்து 7 அடியில் இருக்கிறது, தொட்டியின் அடிப்பாகம் மாடித் தளத்துக்கு மேல் 6 அடியில் நிற்கிறது, உள்ளே 3 அடித் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி உயர அறையானால் ஷவருக்கு மேலே மொத்தம் 12 அடித் தண்ணீர்தான் அழுத்தம் கொடுக்கிறது. உற்பத்தியாளர்கள் கொடுக்கும் காகிதத்தில் 'பார்' என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள். ஒரு பார் என்றால் சுமார் 34 அடித் தண்ணீர். ஆக நம்மிடம் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அகல ஷவர்கள் பலவற்றுக்கும், ஒற்றைப் பிடியில் வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாய்கள் பலவற்றுக்கும் இது போதாது. பிரஷர் பம்ப் வைக்கலாம். அதற்கும் கரண்ட் வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வேண்டும். கீழ்த்தளக் குளியலறையில் இன்னொரு 10 அடி கூடுவதால் நிலைமை கொஞ்சம் தேவலை.

கணக்கெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு ஒரு சுலப வழி. 15 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து முழுக்கத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை வினாடியில் நிறைகிறது என்று ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள். நியாயமான கடைக்காரர் அதைப் பார்த்தே எது வேலை செய்யும், எது செய்யாது என்று சொல்லிவிடுவார்.

அழுத்தம் கிடக்கட்டும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெங்களூருக்கென்று பெரிய ஆறு கிடையாது. 1890-களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1933-ல் திப்பகொண்டனஹள்ளி அணை. 1974-லிருந்து காவிரி. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், வழியில் ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று கட்டமாக இறைத்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் படித்துறையில் இறங்கிக் குளித்தவர்களின் பிள்ளைகள் அதே காவிரியை இங்கே கரண்ட் செலவில் மலையேற்றிக் குளிக்கிறார்கள். ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஊரின் ஓரங்களில் உள்ள 110 கிராமப் பகுதிகளுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் அதன் இலக்கு. அதற்குச் சில மாதம் முன்பு, மார்ச்சில், ஊர் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அரசின் போர்வெல்களில் சுமார் 6,900 வறண்டுவிட்டதாக அரசே சொன்னது. 6,000 லிட்டர் டேங்கர் பக்கத்து இடங்களுக்கு 600 ரூபாய்தான் என்று மாவட்ட நிர்வாகம் விலை வைக்க வேண்டியிருந்தது.

காவிரித் தண்ணீர் குழாய்க்குச் சாது. போர்வெல் தண்ணீர் அப்படியல்ல. அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கூடுதல். ஷவர் துளைகளில் வெள்ளையாகப் படிந்து, இரண்டே வருஷத்தில் பாதி அடைத்துவிடும். மீதித் துளைகள் கூரையையும் சுவரையும் குளிப்பாட்டும். கீசருக்குள்ளும் அதே கதைதான். ஆகவே போர்வெல் வீட்டுக்காரர்கள் ஷவர் வாங்கும்போது துளைகள் ரப்பர் முனையாக இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தேய்த்தால் உப்பு உதிர்ந்துவிடும். உலோகத் துளையானால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டு ஓர் இரவு விடலாம். கழிப்பறை ஆசிட்டை மட்டும் பளபள குழாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பூச்சு போய்விடும். கருப்பு நிறக் குழாய்கள் இப்போது பிரபலம். உப்புத் தண்ணீர் வீட்டில் அதை மாட்டினால் தினமும் துணியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழுப் பித்தளையானால் கனக்கும். துத்தநாகக் கலவையில் செய்ததும் பிளாஸ்டிக்கில் செய்ததும் அதே பளபளப்போடு பக்கத்திலேயே இருக்கும். விலை குறைவு, ஆயுளும் குறைவு. பழைய குழாயில் திருகத் திருக ரப்பர் வாஷர் இறங்கித் தண்ணீரை அடைக்கும். வாஷர் தேய்ந்தால் பெட்டிக்கடை விலையில் மாற்றிக்கொள்ளலாம். புதுக் குழாயில் உள்ளே இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கால் திருப்பில் திறக்கும், கால் திருப்பில் மூடும். சொகுசுதான், மூட்டுவலிக் கைக்கு வரப்பிரசாதமும்கூட. ஆனால் போர்வெல் மணல் ஒரு துகள் நுழைந்தால் வில்லை கீறிச் சொட்ட ஆரம்பிக்கும். அப்போது அந்தக் கம்பெனியின் அதே மாடல் உதிரி வேண்டும். எனவே விலை கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டியது, "இதுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்?" இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். இத்தாலிப் பெயர் போட்டிருக்கிறதா, இல்லையா என்பதைவிட இது முக்கியம்.

2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் ஹோட்டல்கள், வணிகக் கட்டடங்கள், அடுக்குமாடிகள் போன்ற இடங்களில் குழாய்க்கு ஏரேட்டர் மாட்ட உத்தரவிட்டது. தனி வீடுகளை வேண்டுகோளோடு விட்டது. ஏரேட்டர் என்பது குழாய் வாயில் திருகும் சின்ன வலை. தண்ணீரோடு காற்றைக் கலந்து, பாதிக்கும் குறைவான தண்ணீரிலேயே கை நனைவது போலச் செய்யும். வாஷ்பேசினுக்கும் சமையலறைத் தொட்டிக்கும் கட்டாயம் போடுங்கள். வாளிக் குழாய்க்குப் போடாதீர்கள். வாளி நிறைய எத்தனை லிட்டரோ அத்தனை லிட்டர் எப்படியும் வந்தாக வேண்டும். நிமிஷம் கூடுமே தவிர நீர் மிச்சமாகாது.

வாளி என்றதும் நினைவுக்கு வருகிறது. இன்றைய டிசைனர்கள் போட்டுக் கொடுக்கும் படத்தில் மேலே ஷவர் இருக்கும், பக்கத்தில் கைஷவர் இருக்கும். வாளி வைக்க இடமே இராது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலும் தீபாவளி எண்ணெய்க் குளியலும் வாளியும் சொம்புமாகத்தான் நடக்கின்றன. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் வாளிக்கென்று ஒரு குழாய், உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி அல்லது சுவரோடு ஒரு கல் திண்டு, இந்த இரண்டையும் முதல் படத்திலேயே கேட்டு வாங்குங்கள். எண்ணெய்க் குளியல் உள்ள வீட்டில் தரையில் சொரசொரப்பு ஓடுதான் வேண்டும். கடையில் காய்ந்த ஓட்டைத் தடவிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒரு கை தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். சீயக்காயும் முடியும் சேர்ந்து அடைப்பது நானி டிராப்பில்தான். அதன் மேல்மூடி ஸ்குரூ போடாமல் கையால் தூக்கும்படி இருந்தால் வாரம் ஒருமுறை வீட்டுக்காரரே சுத்தம் செய்துவிடுவார். (செய்வாரா என்பது அந்தந்த வீட்டு விவகாரம்.)

இனி பீங்கான். இதில் நம் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. பாரிவேர் என்ற பெயர் பிறந்தது ஈ.ஐ.டி. பாரி கம்பெனியின் ராணிப்பேட்டை ஆலையில். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வடலூரில் நெய்சர் எழுந்தது. பெங்களூரில் பழைய வீட்டை இடிக்கும்போது கழிப்பறைப் பீங்கானைத் துடைத்துப் பார்த்தால் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று தெரிய வாய்ப்புண்டு. 2008-ல் பாரிவேரை ஸ்பெயின் நாட்டு ரோகா முழுவதுமாக வாங்கிக்கொண்டது. ஓடுகளுக்குக் குஜராத்தின் மோர்பியும், பித்தளைக்கு அதே மாநிலத்து ஜாம்நகரும் பேர்போனவை. லால்பாக் ரோட்டுக் கடைக்குள் நின்றால் பாதி இந்தியா நம்மைச் சுற்றி அடுக்கி வைத்திருக்கும்.

கம்மோடு வாங்கப் போகுமுன் ஓர் அளவு எடுக்காமல் போகவே கூடாது. கழிவுக் குழாய் தரையில் இறங்கினால் 'எஸ் டிராப்', சுவருக்குள் போனால் 'பி டிராப்'. தரையில் இறங்குவதானால் பின்சுவரிலிருந்து, அதாவது ஓடு ஒட்டிய பின் இருக்கப்போகும் சுவரிலிருந்து, குழாயின் நடுப்புள்ளி எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். 4, 9, 12 அங்குலம் என்று பீங்கான்கள் வருகின்றன. 12-க்கு உள்ள வீட்டில் 9 வந்து இறங்கினால் பின்னால் மூன்று அங்குல இடைவெளியில் வாழ்நாள் முழுக்க அழுக்குச் சேரும். 9-க்கு உள்ள வீட்டில் 12 வந்தாலும் வம்புதான். பீங்கானைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடை அபூர்வம்.

தண்ணீர்க் கணக்கில் பெரிய மிச்சம் இங்கேதான். பழைய தொட்டி ஒரு தடவைக்கு 10 லிட்டர் கொட்டும். நாலு பேர், ஆளுக்கு ஐந்து முறை என்றால் நாளைக்கு 200 லிட்டர். இரட்டைப் பொத்தான் தொட்டியில் சின்னதற்கு 3, பெரியதற்கு 6 லிட்டர். ஆளுக்குப் பெரியது ஒன்று, சின்னது நாலு என்றால் 72 லிட்டர். மாதத்துக்கு 3,800 லிட்டருக்கு மேல் மிச்சம், டேங்கரில் பாதிக்கு மேல். 2014-க்குப் பிறகு ஏறாமல் இருந்த வாரியக் கட்டணமும் 2025 ஏப்ரலில் ஏறியாயிற்று. ஆனால் பழைய பீங்கானை வைத்துக்கொண்டு தொட்டியை மட்டும் மாற்றினால், 10 லிட்டருக்காக வளைத்த பீங்கான் 6 லிட்டரில் சுத்தமாகாது. இரண்டு முறை அழுத்துவார்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். தொட்டி ஓசைப்படாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க, கொஞ்சம் காபி டிகாக்ஷனை அதில் ஊற்றி அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் ஒழுகல். இரண்டாம் டிகாக்ஷனே போதும், முதல் டிகாக்ஷனை வீணாக்க வேண்டாம்!

சுவருக்குள் மறையும் தொட்டி பார்க்க அழகு. அதற்குச் சுவரில் ஆழம் வேண்டும். நம் பழைய வீடுகளின் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை அதற்காகக் குடைவது விபரீதம். முன்னால் இன்னொரு சிறு சுவர் எழுப்ப இடமிருந்தால் சரி, இல்லாவிட்டால் வெளியே தெரியும் தொட்டியே உத்தமம்.

இப்போது இரண்டாவது கணக்கு, வயது. அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்து நம்மோடு இருக்கிறார். அல்லது வீடு கட்டியவருக்கே எழுபது தாண்டிவிட்டது. கீழே உட்காரும் 'ஒரிசா பேன்' வேண்டுமா, கம்மோடு வேண்டுமா என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டிமன்றம் நடக்கிறது. "நாற்காலி மாதிரி அதுல போய் உக்காரவா?" என்று பெரியவர்கள் சங்கடப்படுவதைப் பிள்ளைகள் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அறுபது வருஷப் பழக்கம் அது. இரண்டு குளியலறை உள்ள வீட்டில் ஒன்றில் ஒரிசா பேன் இருக்கட்டும்; முழங்கால் மடங்கும் வரை அது உடம்புக்கும் நல்ல பழக்கம்தான். ஒன்றே உள்ள வீட்டில் கம்மோடுதான். மேலே ஏறிக் குந்தியும் உட்காரலாம் என்று ஆங்கிலோ இந்தியன் என ஒரு மாடல் விற்கிறார்கள். வயதானவர் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். ஈரக்காலோடு ஒன்றரை அடி உயரத்தில் ஏறி நிற்பது எந்த வயதிலும் நல்லதல்ல.

சோபா வாங்கினால் உட்கார்ந்து பார்க்கிறோம். கம்மோடு வாங்கும்போது மட்டும் என்ன வெட்கம்? பெரியவர்களைக் கடைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்து, கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். சாதாரண உயரம் 15, 16 அங்குலம். 17-லிருந்து 19 அங்குலம் வரை உயரமானவையும் வருகின்றன. முழங்கால் வலிக்காரருக்கு அந்த இரண்டு அங்குலம் இரண்டு மாத்திரைக்குச் சமம். கால் எட்டாத குள்ளமான பாட்டிக்கு அதுவே தொந்தரவு. அவரவர் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஈரத் தரையில் வழுக்கும்போது கை எதைப் பிடிக்கிறது? துண்டுக் கம்பியை. துண்டுக் கம்பி துண்டைத்தான் தாங்கும். ஆளோடு சேர்ந்து அதுவும் வரும். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவில் இன்னும் இரண்டு குளியலறை கட்டலாம், அதோடு நடமாட்டமும் போய்விடலாம். பிடிகம்பி இரண்டு வாங்குங்கள், ஒன்று கம்மோடு பக்கம், ஒன்று குளிக்கும் இடத்தில். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், பூச்சில் நிற்காமல் செங்கலுக்குள் நன்றாக இறங்கும் போல்ட்டோடு மாட்ட வேண்டும். மாட்டியதும் வீட்டிலேயே கனமான ஆளை விட்டுத் தொங்கச் சொல்லிப் பாருங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கம்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் ரகமாக இருக்கட்டும். உள்ளே விழுந்தவரே உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக் கிடந்தால் உதவிக்கு யாரும் நுழைய முடியாது.

சுவர் திறந்திருக்கும் அந்த நாலு நாள் பொன்னானது. கழிப்பறைத் தொட்டிக்கு மட்டும் தனி பைப் ஒன்றை அப்போதே ஓட்டிவிட்டால், பின்னால் மழைநீரையோ போர்வெல் தண்ணீரையோ அதற்குத் திருப்பிவிட்டுக் காவிரியைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொள்ளலாம். ஓடு ஒட்டியபின் யோசித்துப் பயனில்லை. மாடியில் சோலார் இருந்தால் வெந்நீர் பைப்பின் நீளத்தையும் பாருங்கள். முக்கால் அங்குலப் பைப் 40 அடி ஓடினால் அதற்குள் மூன்றரை லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது வெளியேறியபின்தான் சூடு வரும். வாளியில் பிடித்து வைத்தால் வீணில்லை. பைப்பெல்லாம் பதித்து முடிந்ததும், மேலே பூசுமுன், அளவு டேப்பைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு பிடிகம்பிக்குத் துளை போடும்போது எங்கே பைப் இருக்கிறதென்று ஆரூடம் பார்க்க வேண்டியிராது.

வேலைக்கு வரும் பிளம்பர் எந்த ஊர் என்று கேட்டால் ஒடிசாவின் கேந்திரபாரா என்று சொல்ல நல்ல வாய்ப்பு. நாடெங்கும் பிளம்பர்களை அனுப்புவது அந்த மாவட்டம்தான். நம்மைப் போல அவரும் வெளியூர் வந்து பிழைப்பவர். நமக்கும் அவருக்கும் பொதுமொழி அரைகுறை இந்தியும் அரைகுறைக் கன்னடமும். அதனால் வாயால் சொல்வதைச் சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டுங்கள்: குழாய் இங்கே, கம்பி இங்கே, வாளி இங்கே. கடைக்காரர் பிளம்பருக்கு ஒரு பங்கு தருவது இந்தத் தொழிலில் ரகசியமல்ல. எனவே சாமான் பட்டியலை அவரிடம் வாங்கிக்கொண்டு, வாங்குவதை மட்டும் நாமே வாங்குவது நல்லது. பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாத குழாய்க்குப் பத்து வருஷ வாரண்டி பேச்சோடு சரி.

இடித்ததில் வரும் பழைய பித்தளைக் குழாய்களைப் பிளம்பரோ பழைய இரும்புக்காரரோ எடைக்குக் கேட்பார்கள். கொடுக்குமுன் கையில் தூக்கிப் பாருங்கள், நாற்பது வருஷத்துக்கு முந்தைய கனம் தெரியும். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புது வாஷர் போட்டு, மொட்டைமாடியில் செடிகளுக்கு மாட்டிக்கொள்ளலாம்.